1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் பலர் இஸ்லாத்துக்கு மாறியது ஏன்?

முதல் காரணம், தேவாலயங்களில் நடந்தவை. அப்போது நாட்டின் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்கள். அந்த ஏப்ரலில், பெரும்பான்மை ஹூட்டு இனத் தீவிரவாதிகள் சிறுபான்மைத் துட்சி இனத்தாரைக் கொல்லத் தொடங்கியதும், துட்சிகள் அடைக்கலம் தேடிப் போனது கோயில்களுக்குத்தான். நியாங்கே ஊரில், உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கும்போதே, கட்டடத்தைப் புல்டோசர் வைத்து இடித்தார்கள். அதற்கு உடந்தையாக இருந்தவர் அந்தத் தேவாலயத்தின் பாதிரியார் அத்தனாஸ் செரோம்பா. ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2008-இல் மேல்முறையீட்டில் அவருடைய தண்டனையை ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. பிழைத்தவரிடம் 'ஞாயிறு பூசைக்கு வா' என்று எந்த முகத்தோடு கேட்பது?

இரண்டாவது காரணம், முஸ்லிம்கள் நடந்துகொண்ட விதம். அதே நாட்களில், தலைநகர் கிகாலியின் முஸ்லிம் பகுதியான நியாமிராம்போவில் பலர் துட்சிகளை வீட்டில் ஒளித்துவைத்தார்கள்; பெண்களுக்கு முக்காடு போட்டுத் தங்கள் குடும்பத்தாராகக் காட்டினார்கள். முஸ்லிம்கள் சிறு கூட்டம். வியாபாரமும் வண்டி ஓட்டுவதுமே பிழைப்பு. படிப்பிலும் அரசுப் பதவியிலும் வெகுகாலம் ஓரங்கட்டப்பட்டவர்கள். ஹூட்டு, துட்சி என்பதைவிட 'நாம் முஸ்லிம்' என்ற எண்ணம் அவர்களிடம் கெட்டிப்பட்டதற்கு அந்த ஒதுக்கலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் முஸ்லிம்கள் எல்லோரும் காப்பாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. வெறுப்பைக் கக்கிய 'கங்குரா' இதழின் ஆசிரியர் ஹசன் இங்கேசே முஸ்லிம்தான்.

மாற்றத்தின் அளவையும் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். நூற்றுக்குப் பதினான்கு பேர் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் சுமார் 2 சதவீதமே. கத்தோலிக்கத்தை விட்டவர்களில் மிகப் பலர் போய்ச் சேர்ந்தது பெந்தெகொஸ்தே போன்ற வேறு கிறிஸ்தவ சபைகளில்.