ஃப்ளெக்ஸில் ரன்னிங் பேக்கா, ரிசீவரா?

நண்பரே, அமெரிக்கக் கால்பந்து ஃபேன்டஸி ஆட்டம் (நிஜ வீரர்களை அணியில் வைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறுவது). முழு பிபிஆர் லீக், அதாவது ஒவ்வொரு கேட்சுக்கும் முழுப் புள்ளி. ஃப்ளெக்ஸில், அதாவது ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் என யாரையும் வைக்கக்கூடிய பொது இடத்தில், ஒருவருக்குத்தான் இடம். வலுவான ரன் டிஃபென்ஸை (ஓட்டத்தைத் தடுக்கும் அணியை) சந்திக்கும் உங்கள் முதல்நிலை ரன்னிங் பேக்கா (பந்தோடு ஓடுபவர்), பலவீனமான செகண்டரிக்கு (பாஸைத் தடுக்கும் பின்வரிசைக்கு) எதிராக அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆடப்போகும், தன் அணியின் மூன்றாம் ரிசீவரா (பாஸ் பிடிப்பவர்) என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் ரன்னிங் பேக்கை இறக்குங்கள்.

எதிரணி யார் என்பதைவிட, பந்து யார் கைக்குப் போகிறது என்பதுதான் முதலில் முக்கியம். உங்கள் பேக் பாஸும் பிடிப்பவர் என்கிறீர்கள். கேட்சுக்கு 1 புள்ளி, 10 யார்டுக்கு 1 புள்ளி. ஐந்து கேட்ச், 40 யார்டு வந்தாலே 9 புள்ளி. ஓடி எடுப்பது தனிக்கணக்கு. அணி பின்தங்கினால் அவருக்கு வரும் குட்டிப் பாஸ்கள் இன்னும் கூடத்தான் செய்யும்.

'ரிசீவர்களுக்கு அதிகப் புள்ளி விட்டுக்கொடுத்த டிஃபென்ஸ்' என்ற பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். அந்தப் புள்ளிகளை எடுத்தது யார்? பெரும்பாலும் அந்த டிஃபென்ஸை எதிர்த்து ஆடிய அணிகளின் முதல் ரிசீவர்தான், மூன்றாமவர் அல்ல. அப்புறம், டிசம்பர் பஃபலோ, திறந்தவெளி மைதானம். பனியைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். நீளப் பாஸை நம்பி வாழும் ரிசீவரை அது முடக்கிவிடும்.

ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும் ஆடாதோர் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். உங்கள் பேக்கின் ஆட்டம் கடைசியாக இருந்தால், அவரை ஆர்பி (ரன்னிங் பேக்) இடத்தில் வைக்காமல் ஃப்ளெக்ஸிலேயே வையுங்கள். அவர் விலகினாலும் ரிசீவர், டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பாஸும் பிடிப்பவர்) என யாரையும் அங்கே மாற்றலாம்.