மாடி அனலும் மழை ஒழுகலும்: ஒரு வேலூர் மேஸ்திரியின் பதில்கள்

கத்திரி தொடங்க இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. வேலூர் வட்டாரத்தில் முப்பது வருஷமாக வீடு கட்டுகிறேன். வந்த கேள்விகளுக்கு, செய்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம் அண்ணா. பகலைவிட ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அனல் தாங்கவில்லை. ஏசி வாங்கிவிடலாமா?

ஏசி அப்புறம், முதலில் தளத்தைக் கவனியுங்கம்மா. ஐந்து அங்குலக் கான்கிரீட் காலையிலிருந்து வெயிலைக் குடிக்கிறது. அந்தச் சூடு உள்பக்கம் இறங்கிவரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகு அறை கொதிக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் மேல் ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறின தோசைக்கல் மாதிரி இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. போதாததற்கு உங்கள் பக்கம் மலையும் பாறையும். ‘மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு’ என்று நம் ஊரைச் சொல்வார்களே, ராத்திரிப் புழுக்கத்தில் அந்த இரண்டுக்கும் பங்கு உண்டு.

வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளி வேண்டாம், இளகிவிடும். இரும்பு டிரம் நல்லது. குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, மாடியைக் கழுவி ஈரம் இருக்கும்போதே இரண்டு கை அடியுங்கள். முதல் கை கிழக்கு மேற்காக, இரண்டாவது கை தெற்கு வடக்காக. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

காட்பாடியிலிருந்து: சுண்ணாம்பைவிடக் கூலிங் பெயிண்ட் நல்லதா?

வேலை செய்வது வெள்ளை நிறம்தான், இரண்டிலும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும். பெயிண்ட் சில வருஷம் நிற்கும். எதுவானாலும் தூசி படிந்து பழுப்பேறினால் பயன் குறையும். மாசி, பங்குனியில் ஒரு தடவை கழுவிவிடுங்கள்.

ராணிப்பேட்டையில் சிமென்ட் ஷீட் வீடு. மேலே ஓலை போடலாமா?

போடலாம், நிழலுக்கு அதுமாதிரி வராது. ஆனால் தீபாவளிக்கு முன்னால் இறக்கிவிடணும், ஒரு ராக்கெட் போதும். உள்ளே பால்ஸ் சீலிங் அடித்தால் ஷீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு அடியாவது விட்டு, இரண்டு பக்கமும் சூடான காற்று வெளியேற ஓட்டை வையுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அறுக்காதீர்கள், உலர வைத்துச் சுரண்டாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். ஷீட் மேல் நேராகக் கால் வைத்து ஏறவும் வேண்டாம்.

ஆற்காட்டில் பன்னிரண்டு வருஷ வீடு. மாடியில் தட்டை ஓடு பதித்தும் மழைக்கு ஒழுகுகிறது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது பல வீடுகளுக்கு இதற்காகப் போனேன். பெரும்பாலும் ஒழுகல் ஓட்டின் நடுவில் இல்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், மழைக்குழாய் வாயிலும்தான். மூலையைக் கொத்தி, சாய்வாகக் கலவை வைத்துப் பூசுங்கள். தண்ணீர் வடியத் தளத்தின் வாட்டம், அதாவது சரிவு, பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் இருக்கணும். பிறகு குழாயை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். ஓட்டுக்குக் கீழே ஈரம் தங்கினால் சூடும் வேகமாக இறங்கும். ஆகவே முதலில் ஒழுகல், அப்புறம் வெள்ளை.

அந்தக் காலத்தில் மாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். ஒரே தாளமாகச் சத்தம் வரும். அப்படித் தட்டின மாடியின் கீழே மத்தியானம் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

குடியாத்தத்தில் புதுவீடு. செங்கல்லா, ஏஏசி பிளாக்கா?

ஏஏசி என்பது உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல். சூட்டை நன்றாகத் தடுக்கும். அதற்குரிய ஒட்டுக்கலவையும் கவனமான பூச்சும் வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும். பணம் குறைவானால் மேற்குச் சுவருக்கு மட்டும் வையுங்கள். மேற்கே படுக்கையறை வேண்டாம், படிக்கட்டோ குளியலறையோ வரட்டும்.

மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போட்டும் சூடு குறையவில்லையே?

திரை வரைக்கும் வந்த வெயில் வீட்டுக்குள் வந்த வெயில்தான். மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். மூன்று மணி வெயில் சாய்ந்து வரும், சன்ஷேடு அதை மறைக்காது. இடம் இருந்தால் ஒரு புங்கம் வையுங்கள்.

ஏசி போட்டதிலிருந்து கரண்ட் பில் இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறது.

ஏசியை 24 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அரசு சொல்லும் கணக்கு. 26இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். பிறகு ஊதுபத்தி ஏற்றிக் கதவிடுக்கு, ஜன்னல் ஓரம், பழைய வென்டிலேட்டர் எல்லாவற்றிலும் காட்டுங்கள். புகை ஆடும் இடத்தில் உங்கள் காசு போகிறது. ரப்பர் பட்டை ஒட்டுங்கள், கதவின் அடியில் துணிச்சுருள் போதும்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றலாமா?

குளிரும். ஆனால் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் நல்ல தண்ணீரை ஊற்றச் சொல்ல மனசு வரவில்லை. துணி அலசின தண்ணீர் இருந்தால், வெயில் தணிந்த பிறகு தெளியுங்கள். உச்சி வெயிலில் ஊற்றினால் தளம் வெடிப்பு விடலாம்.