மதிலில் சிவப்புக் குறி: மேல்மாடி கட்டலாமா?

கேள்வி: மட்டக்களப்புக்குத் தெற்கே களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரம் எங்கள் வீடும், முன்னால் சிறு கடையும் இருக்கின்றன. அளவையாளர்கள் வந்து மதிலில் சிவப்பு மையால் குறியிட்டுப் போனார்கள். வீதி அகலமாகப் போகிறது, ரயிலும் கல்முனைப் பக்கம் வரப்போகிறது என்று ஊரில் கதை. உறுதி அம்மாவின் பெயரில் இருக்கிறது. சீதனமாக எனக்குத் தந்த வீடு. மேல்மாடி போடலாமா? காணி போனால் நட்டஈடு யாருக்கு?

பதில்: குறி போட்டதால் காணி போய்விடவில்லை. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டாலே, உத்தியோகத்தர்கள் உங்கள் வளவுக்குள் வந்து அளக்க, எல்லை குறிக்க அதிகாரம் பெறுவார்கள். அது காணி தேவையா என்று பார்க்கும் கட்டம்தான். இன்ன காணியை எடுக்க எண்ணியுள்ளோம் என்று சொல்வது 4ஆம் பிரிவு அறிவித்தல். அதில் ஆட்சேபணைக்குக் குறைந்தது 14 நாள் தரவேண்டும். அதன்பின், காணி எடுக்கப்படும் என்ற 5ஆம் பிரிவுப் பிரகடனம் வர்த்தமானியில் வரும். ஆகவே முதல் வேலை, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உங்கள் காணிக்கு எந்தப் பிரிவின் கீழ் அறிவித்தல் வந்திருக்கிறது என்று எழுத்தில் கேட்பது. வாய்ச்சொல்லை நம்பி அரை விலைக்கு விற்காதீர்கள். அவசரத் தேவை என்றால் 38ஆம் பிரிவின் கீழ், நட்டஈடு தீர்மானமாகும் முன்பே காணியைப் பொறுப்பேற்க முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எனவே வீடு, கடை, மதில், கிணறு, மரங்கள் எல்லாவற்றையும் இப்போதே அளவுநாடா வைத்துப் படமெடுத்து வையுங்கள். இடித்த பிறகு கட்டடத்தின் அளவை நிரூபிப்பது பெரும்பாடு.

மேல்மாடிக்குப் போவதற்கு முன் வீதி எதுவரை அகலலாம் என்று காட்டும் வீதிக் கோட்டுச் சான்றிதழைப் பிரதேச சபையில் எடுங்கள். இது தேசிய வீதி (ஏ4) என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட எல்லையையும், அதாவது வீதியோரம் கட்டக்கூடாத தூரத்தையும், கேளுங்கள். பலர் தார் விளிம்பிலிருந்து அளந்து ஏமாறுகிறார்கள். அளவு வீதியின் நடுக்கோட்டிலிருந்துதான். கடை அந்த எல்லைக்குள் இருந்தால் அதன் மேல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். நட்டஈடு கோரமாட்டேன் என்று கையெழுத்து வைத்துப் பெறும் தற்காலிக அனுமதி, கொங்கிரீட் மாடிக்கு ஏற்றதல்ல. பின்பக்கம் எல்லைக்கு வெளியே இருந்தால் அங்கே கட்டலாம். ஆனால் படிக்கட்டு, மலசலகூடக் குழி, தண்ணீர்த் தாங்கி மூன்றையும் பின்னுக்குக் கொண்டுபோங்கள். முன்னால் ஒன்றரை மீற்றர் போனாலே வெளிப்படி இல்லாத மாடியும் குழி இல்லாத மலசலகூடமும் மிஞ்சும்.

நட்டஈட்டில் விலையை விட உரிமைதான் பெரிய சிக்கல். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு என்பது ஊர் வழக்கம்; உறுதியோ தாயின் பெயரிலேயே கிடக்கிறது. சட்டம் வழக்கத்தைப் பார்க்காது. தாய் காலமானால், மரண சாசனம் இல்லாத தமிழ்க் குடும்பத்தில் காணி கணவனுக்கும் பிள்ளைகள் அனைவருக்குமாகப் பிரியும். யாழ்ப்பாணப் பக்கத்துத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை இங்கு பொருந்தாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைச் சட்டம் இருக்கிறது. பிறகு வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வரை எல்லோரும் உரிமையாளர்கள். பிணக்கு தீராவிட்டால் பணம் நீதிமன்றத்தில் வைப்பிலிடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அம்மா இருக்கும்போதே நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி எழுதுங்கள். அவர் விரும்பினால் சீவிய உரித்தை (உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொள்ளட்டும். எழுதியதோடு விடாமல் காணிப் பதிவகத்தில் பதிவானதா என்று பாருங்கள். சுனாமியில் உறுதி தொலைந்திருந்தால், நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதி பதிவகத்தில் இருக்கும். இலக்கமும் திகதியும் தெரிந்தால் அத்தாட்சிப் பிரதி பெறலாம். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் இந்த வழி செல்லாது. பின்னுரிமையாளர் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியவேண்டும்.

நட்டஈடு கோருவோரை விசாரணைக்கு அழைக்கும் 7ஆம் பிரிவு அறிவித்தல் வரும்போது கோரிக்கையை விசாரணைக்கு 7 நாள் முன்பாவது எழுத்தில் கொடுங்கள். கேட்கும் தொகையையும் அதைக் கணித்த விதத்தையும் காட்டுங்கள். சந்தைப் பெறுமதி அந்த அறிவித்தல் வர்த்தமானியில் வெளியான நாளை வைத்தே பார்க்கப்படும். துண்டாகிப்போன மிச்சக் காணியின் நட்டமும், கடை வருமான இழப்பும் கோரிக்கையில் வரவேண்டும். கேட்காததை யாரும் தேடித் தரமாட்டார்கள். நட்டஈடாகத் தீர்மானித்த தொகை போதாவிட்டால், அதன் அறிவித்தல் கிடைத்து 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யவேண்டும்.

ரயில் விடயத்தில் கட்டுமானத்தை நிறுத்தவேண்டாம். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த பாதை இன்றும் அங்கேதான் முடிகிறது. தெற்கே போக வாவியைக் கடக்கவேண்டும். கரையோரமோ நெருங்கிய குடியிருப்பு. 2ஆம் பிரிவு அறிவித்தல் இல்லாத எந்தப் பாதையும் உங்கள் காணியைக் கட்டுப்படுத்தாது.

இன்னொன்று, புதிய அத்திவாரத்தின் உயரம். வீதியைத் திருத்தும்போது மட்டம் பெரும்பாலும் உயரும். மாரி மழையில் வளவுக்குள் நிற்கும் தண்ணீர் வீதியைத் தாண்டி வாவிக்குப் போக மதகு வேண்டும். முடிவான வீதி மட்டத்தையும், உங்கள் வாசலுக்கு அருகே மதகு வரும் இடத்தையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளரிடம் கேட்டுப் பெற்று, வீட்டுத் தளத்தை அந்த மட்டத்துக்கு மேலே எழுப்புங்கள்.