பேனல் கதவைத் திறந்தால்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஆட்டோமேஷனில் உலகத்திலேயே பெரிய கம்பெனி எது, எதை நம்பலாம், எதைப் படிக்கலாம்? நான் நூற்பாலையில் 31 வருடம் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவன். இந்தக் கம்பெனிகளை எனக்குத் தெரிந்ததெல்லாம் பேனல் (இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோல் கருவிகள் இருக்கும் பெட்டி) கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்த வகையில்தான். எந்த ஷேர் ஏறும் என்று கேட்டு எழுதியிருக்கும் இருவரும் மன்னிக்க வேண்டும்.

சீமென்ஸ், ராக்வெல், மிட்சுபிஷி, ஓம்ரான், ஹனிவெல் எல்லாம் ஒரே பொருளைத்தானே விற்கின்றன? எதைக் கற்றுக்கொண்டால் வேலை கிடைக்கும்? (டிப்ளமோ மாணவர், நாமக்கல்)

கேட்லாக்கைப் புரட்டினால் ஒரே பொருள் மாதிரித்தான் இருக்கும், தம்பி. பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பூர்வீகம் கேட்பார்கள் இல்லையா, அதை இங்கேயும் கேட்க வேண்டும். ஒரு கம்பெனி முதன்முதலில் எதைச் செய்து பிழைத்தது என்று தெரிந்தால், இன்றைக்கு அதன் கை எதில் தேர்ந்தது என்பது பாதி புரிந்துவிடும்.

ஓம்ரானை எடுத்துக்கொள். 1933-ல் ஓசாகாவில் ததேயிஷி கசுமா என்பவர் தொடங்கியது. முதல் சரக்கு எக்ஸ்-ரே எடுக்கும் கருவிக்கான டைமர். இன்றைக்கும் எந்தப் பட்டறைக்குப் போய்க் கேட்டாலும் டைமர், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சென்சார் என்றதும் வாயில் வருகிற பெயர்களில் அது ஒன்று. ஹனிவெல்லின் வேர் 1885-ல் மினியாபொலிஸில் இருக்கிறது. வீட்டு உலையின் சூடு கூடினால் காற்றடைப்பைத் தானே மூடும் சின்னக் கருவி. 90 வருடம் கழித்து, 1975-ல், டி.டி.சி. 2000 என்ற பெயரில் முழு ஆலையின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஒரே அறையில் இருந்து பார்க்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதே வருடம் ஜப்பானில் யோகோகாவா சென்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆகவே எண்ணெய், ரசாயனம், உரம் என்று ஓடிக்கொண்டே இருக்கும் ஆலைகளில் வேலை வேண்டுமென்றால், நீ படிக்க வேண்டியது டி.சி.எஸ். என்கிற அந்த ஒரே அறை ஏற்பாடு (டிஸ்ட்ரிபியூட்டட் கன்ட்ரோல் சிஸ்டம்).

ஃபானுக் 1956-ல் ஃபுஜித்சுவுக்குள் ஒரு சிறு குழுவாகப் பிறந்தது. இயந்திரத்தை எண்களால் ஓட்டுவதுதான் அந்தக் குழுவின் வேலை. 1972-ல் தனியாகப் பிரிந்தது. கோவைப் பக்கம் ஜாப் ஆர்டர் பட்டறைகளில் சி.என்.சி. லேத்தின் திரையைப் பார், அந்தப் பெயர் அடிக்கடி கண்ணில் படும். ராக்வெல்லின் அலன்-பிராட்லி 1903-ல் மில்வாக்கியில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரியோஸ்டாட்டோடு தொடங்கியது. 1985-ல் அதை வாங்கிய ராக்வெல் இன்டர்நேஷனல், விண்வெளி ஓடம் கட்டிய கம்பெனி. பிற்பாடு விமானம், விண்வெளி எல்லாம் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போக, ராக்வெல் என்ற பெயரைத் தாங்கி நிற்பது வாங்கப்பட்ட அந்த பேனல் வியாபாரம்தான். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் வீட்டுக்கே பெரியவர் ஆன கதை.

வேலைக்கு வருகிறேன். பெரும்பாலும் ஐரோப்பிய இயந்திரத்தைத் திறந்தால் சீமென்ஸ், ஜப்பான் இயந்திரத்தைத் திறந்தால் மிட்சுபிஷி அல்லது ஓம்ரான், அமெரிக்க இயந்திரத்தைத் திறந்தால் அலன்-பிராட்லி. எந்த ஊரில், எந்த மாதிரி ஆலையில் வேலை தேடப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். ஒன்றை ஆழமாகப் படி, மற்றவை தானாக வரும். 1993-ல் வந்த ஐ.இ.சி. 61131-3 என்ற தரநிலை, பி.எல்.சி.க்கு (ஆலை இயந்திரத்தைப் புரோகிராம் மூலம் ஓட்டும் கன்ட்ரோலர்) லேடர் எனும் ஏணி வரைபடம் உட்பட, புரோகிராம் எழுதும் முறைகளைப் பொதுவாக்கிவிட்டது. கையில் காசில்லை என்றால், ஜெர்மனியின் கெம்ப்டன் நகரத்துக் கம்பெனி தருகிற கோட்சிஸ் மென்பொருளை இலவசமாக இறக்கி, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பழகலாம். நான்கு பிராண்டு பெயர் போட்ட சர்டிஃபிகேட்டைவிட, இன்டர்வியூவில் மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் ஸ்டார்-டெல்டா லேடரைத் தடுமாறாமல் போடுகிற கைக்கு மதிப்பு அதிகம். நானே அப்படிப் பார்த்துத்தான் ஆள் எடுத்திருக்கிறேன்.

பி.எல்.சி.யைக் கண்டுபிடித்தது சீமென்ஸ்தானே? நண்பனுடன் பந்தயம். (வாசகர், திண்டுக்கல்)

பந்தயம் போச்சு. தன் கன்ட்ரோல் கருவிகளுக்கு சிமாட்டிக் என்ற பெயரை சீமென்ஸ் 1958-லேயே பதிவு செய்தது உண்மை. ஆனால் அன்றைய சிமாட்டிக்கில் மாற்றி எழுத புரோகிராம் கிடையாது, எல்லாம் வயரிங்.

விஷயம் நடந்தது அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸில் கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வயரிங் செய்ய வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான ரிலே இருக்கிற பேனலில் ஒரு வயர் மாறினாலே என்ன பாடு என்று இந்தப் பத்தியைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். வயரைத் தொடாமல் மாற்ற ஒரு வழி சொல்லுங்கள் என்று 1968-ல் கேட்டார்கள். அதே வருடம் ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு விருந்தின் மறுநாள் தலைவலியோடு உட்கார்ந்து டிக் மோர்லி என்பவர் இந்த யோசனையை எழுதி வைத்திருந்தார். மாசசூசெட்ஸில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்று ஒரு சின்ன கம்பெனி அவருடையது. அது எடுத்துச் செய்த 84-வது வேலை இது. அதனால் இயந்திரத்தின் பெயர் மோடிகான் 084.

எனக்கு அதில் பிடித்தது இரண்டு. அதற்கு ஃபேனும் கிடையாது, ஆன்-ஆஃப் சுவிட்சும் கிடையாது. தொழிற்சாலையில் தூசி ஃபேன் வழியாகத்தான் உள்ளே போகும் என்று தெரிந்தவன் செய்த பொருள் அது. இன்னொன்று, புரோகிராமை ஏணி மாதிரி, ரிலே வரைபடம் மாதிரியே வரைய வைத்தார்கள். எலெக்ட்ரீஷியனை கம்ப்யூட்டர் படிக்க அனுப்ப வேண்டியதில்லை. இவ்வளவு காலம் அது நிலைத்ததற்கு என் கணக்கில் அதுதான் காரணம்.

மோடிகான் பல கை மாறி இப்போது பிரான்ஸின் ஷ்னைடரிடம் இருக்கிறது. 1979-ல் மோடிகான் வெளியிட்ட மோட்பஸ், அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை, உங்கள் கம்பெனி எனர்ஜி மீட்டரிலும் இருக்கலாம். போய்ப் பாருங்கள்.

ஆறு சி.என்.சி. வைத்திருக்கிறேன். "டிஜிட்டல் மேனுஃபாக்சரிங்", "டிஜிட்டல் ட்வின்" என்று ஒருவர் வந்து பல லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். போடலாமா? (பட்டறை உரிமையாளர், குறிச்சி, கோவை)

அந்த வார்த்தைகள் பொய்யில்லை. இயந்திரத்தை இரும்பில் செய்வதற்கு முன் கம்ப்யூட்டரில் செய்து ஓட்டிப் பார்ப்பது பெரிய ஆலைகளில் உண்மையிலேயே நடக்கிறது. சீமென்ஸ் இதற்காகவே 2007-ல் யு.ஜி.எஸ். என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனியை 350 கோடி டாலருக்கு வாங்கியது. சீமென்ஸோ 1847-ல் பெர்லினில் தந்திக் கருவி செய்யப் பிறந்த கம்பெனி. பவேரியாவில் ஆம்பெர்க் என்ற ஊரில் அதற்கு 1989-ல் திறந்த ஆலை ஒன்று உண்டு. அங்கே சிமாட்டிக் தயாராகிறது. தயாரிக்கிற வரிசையை ஓட்டுவதும் சிமாட்டிக்தான். அதே தளப் பரப்பில், ஏறக்குறைய அதே எண்ணிக்கை ஆட்களை வைத்து உற்பத்தியைப் பல மடங்கு ஏற்றினார்கள். ஒரு குறைபாடு வந்தால் அது எந்த வரிசையில், எந்த நேரத்தில், எந்தப் பாகத்தால் வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டே வந்தது அதில் பெரும்பங்கு.

நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்களா? அதைத்தான் முதலில் கேட்பேன். எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது? டூல் உடைந்தா, மெட்டீரியல் வராமலா, ஆபரேட்டர் டீக்குப் போயா? மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மோட்பஸ் உள்ள மீட்டர் போட்டு ஒரு கம்ப்யூட்டரில் கோர்த்துவிடுங்கள், செலவு ஆயிரக்கணக்கில் முடியும். அதற்குப் பிறகும் விடை தெரியாத கேள்வி மிச்சம் இருந்தால் அந்த கொட்டேஷனை எடுத்துப் பேசலாம். என் மில்லில் ஆட்டோகோனர் (நூல் சுற்றும் மெஷின்) நிற்பதற்குக் காரணத்தை ஆறு மாதம் தேடினோம். கடைசியில் கரும்பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு வந்த ஷிஃப்ட் ஃபிட்டர்தான் கண்டுபிடித்தார்: கம்ப்ரஸர் காற்று இரண்டாவது ஷிஃப்டில் இறங்குகிறது.

எல் அண்ட் டி கான்டாக்டர் கேட்டால் கடைக்காரர் வேறு பெயர் போட்ட டப்பா தருகிறார். டூப்ளிகேட்டா? (எலெக்ட்ரீஷியன், காரைக்குடி)

இல்லை. கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச்) மாதிரிச் சரக்கு விற்ற எல் அண்ட் டி-யின் அந்த வியாபாரத்தை ஷ்னைடர் 2020-ல் வாங்கியது. 2024-ல் லாரிட்ஸ் நுட்சன் என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் டப்பாவின் சீலைப் பார்த்தே வாங்குங்கள், பெயர் மாறுகிற காலம்தான் டூப்ளிகேட்காரர்களுக்கு அறுவடை.

தைவான், சீனா சரக்கைத் தொடாதே என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். சரியா? (பேனல் வயரிங் செய்யும் பெண், ஒசூர்)

உங்கள் சூப்பர்வைசர் என் வயதுக்காரராக இருக்க வேண்டும், அம்மா. எங்கள் தலைமுறைக்கு ஜெர்மனி என்றால் பயபக்தி. அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆக்ஸ்பர்க்கில் 1898-ல் பிறந்த, ஆரஞ்சு நிற ரோபோவுக்குப் பேர் போன கூக்காவின் சொந்தக்காரர் சீனாவின் மிடியா. ஏ.சி. செய்கிற அதே மிடியாதான். சுவிட்சர்லாந்தின் ஏ.பி.பி. தன் ரோபோ தொழிலை ஜப்பானின் சாஃப்ட்பேங்குக்கு 537 கோடி டாலருக்கு விற்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. தைவானின் டெல்டாவுக்கோ உங்கள் மாவட்டத்திலேயே ஆலை இருக்கிறது. இனி பிராண்டுக்கு ஊர் பார்த்து ஒதுக்குவது கஷ்டம்.

நான் வாங்கும்போது மூன்றைத்தான் பார்ப்பேன். ராத்திரி ஸ்பேர் தேடினால் பக்கத்தில் கிடைக்குமா? மென்பொருள் லைசென்ஸ் யார் பெயரில், எத்தனை வருடத்துக்கு? புரோகிராமின் நகல் என் கையில் இருக்குமா? மூன்றாவதை ஒரு தீபாவளிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

தொண்ணூறுகளின் கடைசி. புளோரூமில் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்) இருந்த கன்ட்ரோலரில் சிவப்பு லைட் ஒன்று மாதக்கணக்கில் எரிந்தது. எந்த பிராண்டு என்பது வேண்டாம், தப்பு எங்களுடையது. மெஷின் ஓடுகிறதே, எரியட்டும் என்று விட்டோம். மூன்று நாள் தீபாவளி லீவில் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஊருக்குப் போனோம். திரும்பி வந்து ஆன் செய்தால் கன்ட்ரோலர் வெறும் பெட்டி. அந்தச் சிவப்பு லைட், மெயின் இல்லாதபோது புரோகிராம் அழியாமல் காக்கும் உள் பேட்டரி சாகப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. புரோகிராம் நகல் எங்களிடம் இல்லை. மெஷின் கொடுத்தவர்கள் ஃப்ளாப்பியோடு ஆள் அனுப்ப 11 நாள் ஆயிற்று. 11 நாளும் முதலாளி தினம் புளோரூம் வாசலில் வந்து நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் போவார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருடத்தில் இருந்து ஆயுத பூஜைக்குப் பேனலுக்குப் பொட்டு வைப்பதற்கு முன் பேட்டரி மாற்றுவோம். பவர் ஆனில் வைத்தே மாற்றுவோம், ஆஃப் செய்து மாற்றினால் பழைய கதைதான். உங்கள் பேனலில் அப்படி ஒரு லைட் எரிகிறதா என்று நாளைக்கு வேலைக்குப் போனதும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.