கராஜ் வாசல்: பழைய காருக்கு இஎப்ஐ பூட்டலாமா?

கேள்வி: என்னிடம் 1983ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன் இருக்கிறது. 4கே என்ஜின். மத்தியான வெயிலில் ஹபரணையில் இருந்து வந்து கடையடியில் பத்து நிமிடம் நிற்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் எடுக்காது. அரை மணித்தியாலம் ஆறவிட வேண்டும். காபரேற்றரை மூன்று தரம் கழுவிப் பூட்டியாயிற்று. நாமே கணினியில் செற் பண்ணக்கூடிய இஎப்ஐ (பெற்றோலை மின்கட்டுப்பாட்டில் பீச்சும் இன்ஜெக்ஷன் முறை) போடலாம் என்று, அதைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடுயினோ பெட்டி ஒன்றை எடுப்பித்துவிட்டேன். நண்பர் ஒருவர் நிமிடத்துக்கு 450 சிசி பெற்றோல் பீச்சும் ரேஸ் இன்ஜெக்டர் நான்கு தருவதாகச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், நிலாவெளி

பதில்: தம்பி, உங்கள் வண்டியின் நோய்க்கு இன்ஜெக்ஷன் நல்ல மருந்துதான். கே என்ஜினில் இன்டேக் மனிபோல்ட்டும் (கலவை உள்ளே போகும் குழாய்) எக்ஸ்ஹோஸ்ட் மனிபோல்ட்டும் (புகை வெளியே போகும் குழாய்) ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. என்ஜினை நிற்பாட்டியதும் காற்றாடியும் நின்றுவிடும். சூடு முழுவதும் மேலே ஏறி, காபரேற்றர் கிண்ணத்தில் நிற்கும் பெற்றோல் கொதித்து உள்ளே வழியும். இன்ஜெக்ஷனில் பெற்றோல் 3 பார் அழுத்தத்தில் நிற்பதால் அவ்வளவு இலகுவில் கொதிக்காது. சாவியைப் போட்டதும் பம்ப் தாங்கியில் இருந்து குளிர்ந்த பெற்றோலைத் தள்ளும், குழாயில் இருந்த ஆவி றிற்றேர்ன் (திரும்பும்) குழாய் வழியாகத் தாங்கிக்கே போய்விடும்.

ஆனாலும் பெட்டியைப் பிரிக்கமுன் ஒரு வேலை செய்யுங்கள். காபரேற்றருக்குக் கீழே தடித்த கறுப்பு இன்சுலேற்றர் கட்டையும், எக்ஸ்ஹோஸ்ட்டுக்கு மேலே ஒரு தகரத் தடுப்பும் இருக்க வேண்டும். என் கராஜுக்கு வரும் பழைய கொரோலாக்களில் பாதிக்கு அந்தத் தகரம் இல்லை. யாரோ எப்போதோ கழற்றியவர் திரும்பப் பூட்டவில்லை. அதைப் போட்டதும் நோய் தீர்ந்தால் உங்கள் காசு மிச்சம்.

தீரவில்லை, செய்யத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் என்ஜினின் சுகத்தைப் பாருங்கள். நான்கு சிலிண்டரின் கொம்பிரசனும் (உள்ளே அமுக்கும் அழுத்தம்) ஒன்றுக்கொன்று 10 வீதத்துக்குள் நிற்கிறதா? மனிபோல்ட் காஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா? இந்தப் பெட்டி மனிபோல்ட்டின் காற்றழுத்தத்தையும் சுற்று வேகத்தையும் வெப்பநிலையையும் வைத்துத்தான் பெற்றோலைக் கணக்கிடுகிறது. எரிந்த வால்வை அது அறியாது.

அடுத்தது இன்ஜெக்டர். 4கேயை 70 குதிரைவலு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு 5.25 சிசி அளவில் பெற்றோல் வேண்டும். மொத்தம் சுமார் 370 சிசி. நான்காகப் பிரித்தால் 92. இன்ஜெக்டரை 80 வீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது, ஆகவே 115 சிசி. 150இல் இருந்து 200 சிசி வரையான இன்ஜெக்டர் தாராளம். நண்பரின் 450 சிசி இன்ஜெக்டர் ஐட்லிங்கில் (மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) ஒரு மில்லி செக்கனுக்குக் கிட்ட மட்டுமே திறக்க வேண்டிவரும். அவ்வளவு குறுகிய நேரத்தில் அதன் அளவு நிலையாக நிற்காது. ஐட்லிங் ஏறி இறங்கும், பிளக் கறுக்கும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். 1300 சிசி என்ஜின் உள்ள ஜப்பான் கார் ஒன்றில் கழற்றிய இன்ஜெக்டர்களை எடுங்கள். மீற்றரை வைத்துப் பார்த்தால் 12 முதல் 16 ஓம் காட்ட வேண்டும். 2, 3 ஓம் காட்டுபவற்றை உங்கள் பெட்டியில் நேரே கொடுக்கக்கூடாது.

டொயோட்டாவே இந்த என்ஜினை 4கே-ஈ என்ற பெயரில் இன்ஜெக்ஷனோடு செய்தது. கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் அதன் மனிபோல்ட்டை விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் வெல்டிங் வேலை தேவைப்படாது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். எல்லோரும் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள், பெற்றோல் குழாயைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் பம்ப் தருவது 0.3 பார் அளவு. இனி அதைப் போலப் பத்து மடங்கு. நான் முதன்முதல் மாற்றியது என் சொந்தக் காரை. கடையில் ‘பெற்றோல் ஹோஸ்’ என்று கேட்டு வாங்கிய சாதாரண ஹோஸைத்தான் பூட்டினேன். மூன்றாம் கிழமை, கன்னியாப் பக்கம் போய் வரும்போது வண்டிக்குள் மணம். பொனற்றைத் திறந்தேன். ஹோஸ் வெடிக்கவில்லை. கிளிப்புக்கு அரை அங்குலம் தள்ளி, ரப்பரின் மேல் வியர்வைத் துளிபோல் பெற்றோல் பூத்து நின்றது. கைவிரலால் துடைத்தேன், கண்முன்னே திரும்பவும் பூத்தது. ஒரு சாண் தூரத்தில் எக்ஸ்ஹோஸ்ட். பின்சீற்றில் என் மகள் நித்திரையாக இருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வீதியின் மறுபக்கம் போய் நின்றதை இன்றும் மறக்கவில்லை.

ஆகவே ஹோஸின் மேல் ‘எஸ்ஏஈ ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து வாங்குங்கள். றிற்றேர்ன் குழாய்க்கும் அதையே போடுங்கள். ரப்பரை வெட்டாத, விளிம்பு மடித்த கிளிப் வேண்டும். பம்பைச் சாவியில் நேரே கொடுக்கவே வேண்டாம். ரிலே வழியாக, பெட்டி சொன்னால் மட்டும் ஓடும்படி கொடுங்கள். என்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். மோதினால் கரண்டை வெட்டும் இனேர்ஷியா சுவிட்ச் ஒன்றையும் சேருங்கள். காபரேற்றர் காலத்துத் தாங்கிக்குள் இன்ஜெக்ஷன் பம்ப்புக்கு ஏற்ற தடுப்புக் கிடையாது. கால் தாங்கி பெற்றோலோடு உவர்மலை வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை இழுக்கும். ஒரு லீற்றர் அளவில் சின்ன இடைத்தாங்கி வைத்தால் அது தீரும்.

சுற்று வேகத்தை அறிய கிராங்க் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் புலியில் 36-1 பல்லுச்சில்லு: 36 பல்லுக்கு இடம் வெட்டி ஒன்றை விட்டிருப்பார்கள். சில்லு ஆட்டமில்லாமல் சுற்ற வேண்டும், சென்சருக்கும் பல்லுக்கும் 1 மில்லிமீற்றர் அளவு இடைவெளி. சென்சர் வயரைப் பிளக் வயருக்குப் பக்கத்தால் கொண்டுபோக வேண்டாம். நிலாவெளியில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்று. கடற்கரையோரக் கார் ஒன்று மார்கழி மழைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று நின்று போகிறது என்று வந்தது. கிராங்க் சென்சர் கொனெக்டரைப் பிரித்தால் ஊசி இரண்டிலும் பச்சைப் பொடி. உப்புக்காற்று. ரப்பர் சீல் உள்ள கொனெக்டரே வாங்குங்கள். பெட்டியை வண்டிக்குள்ளே, டாஷ்போர்டுக்குக் கீழே வையுங்கள். எர்த் எல்லாவற்றையும் என்ஜினில் ஒரே இடத்தில் சேருங்கள்.

செற் பண்ணுவதற்கு, புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் வைட்பாண்ட் ஒட்சிசன் சென்சர் கட்டாயம். பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று எத்தனை பங்கு என்ற கணக்கு, மெதுவாகச் சீராகப் போகும்போது 14.7க்குக் கிட்டவும், முழுதாக மிதிக்கும்போது 12.5, 13 அளவிலும் வரட்டும். பெற்றோல் கூடிய பக்கத்தில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அனுராதபுரம் வீதியில் விடியற்காலையில் போகலாம். நீங்கள் ஓட்டுங்கள், மடிக்கணினியை இன்னொருவர் பார்க்கட்டும். குளிர் ஸ்டார்ட்டுக்கான அட்டவணையை இங்கே சரிபார்க்க முடியாது, நமது காலையே 25 பாகை. அப்புறம் நுவரெலியாவுக்குப் போய் விடிய ஸ்டார்ட் எடுக்காவிட்டால் பயப்பட வேண்டாம், அந்த வரிகளைக் கூட்டினால் சரி.

கேள்வி: இஎப்ஐ போட்டால் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் கூடும்?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: நல்ல நிலையில் இருக்கும் காபரேற்றரை எடுத்துவிட்டுப் போட்டால் பெரிதாகக் கூடாது. காலை எடுத்ததும் பெற்றோலை நிறுத்திவிடுவதால் பட்டணத்துக்குள் கொஞ்சம் மிஞ்சும். செலவழித்த காசை அதில் மீட்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். புகைப் பரிசோதனையில் ஐட்லிங்கிலும் 2500 சுற்றிலும் ஒழுங்காக நிற்கும். அது உறுதியான லாபம்.

கேள்வி: அப்பாவின் மொரிஸ் மைனர் இருக்கிறது. அதற்கும் செய்யலாமா, ஐயா?
– வாசகி, கிண்ணியா

பதில்: வேண்டாம் மகள். அது பொசிற்றிவ் எர்த் வண்டி (பற்றரியின் பிளஸ் முனை வண்டி உடலோடு சேர்ந்தது), டைனமோ தருவது 20 அம்பியர் அளவுதான். இன்ஜெக்ஷன் பூட்ட எர்த்தை மாற்றி, ஓல்டர்னேற்றரும் போட வேண்டும். அப்பாவின் வண்டியில் பாதி போய்விடும். அதில் இருக்கும் எஸ்யூ காபரேற்றர் நல்ல சாமான். த்ரொட்டில் தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் தேய்ந்து காற்று இழுக்கிறது, லேத்தில் கொடுத்துப் புதுப் புஷ் அடிக்கலாம். காபரேற்றரின் தலையில் உள்ள டேம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுடையது காய்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.