பெற்றோரிடமிருந்து வந்த குணத்துக்கு நன்றி சொல்வதில் அர்த்தம் உண்டா?

"அம்மாவின் பொறுமை எனக்கு ரத்தத்திலேயே வந்தது என்றால், அதற்கு அவருக்கு எதற்கு நன்றி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்தத்தில் வருவது பாதிக் கதைதான். இரட்டையர்களை ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளின்படி, மனிதர்களுக்கிடையே குணத்தில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் மரபணு சார்ந்தது. இது ஒரு கூட்டத்துக்கான கணக்கு; உங்கள் பொறுமையில் பாதி அம்மாவுடையது என்று பிரித்துக் காட்டாது. 1979-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வில், சிறு வயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர்கள்கூட (மரபணு ஏறத்தாழ ஒன்றேயானவர்கள்) குணத்தில் நிறையவே ஒத்திருந்தார்கள். ஆனாலும் அச்சு அசலாக அல்ல.

என் அப்பா யார் பேசினாலும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மரபணுவா, பார்த்துப் பழகியதா? ஒரு தனி மனிதரிடம் அதைப் பிரித்தறிய வழியில்லை. அந்த மரபணுவை அவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் கோபம் தலைக்கேறிய நாட்களிலும் தன்னை அடக்கிக்கொண்டு அவர் காது கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அது அவர் பாடுபட்டுச் சம்பாதித்தது. என் நன்றி அதற்குத்தான். ஒருமுறை அவரிடமே சொன்னேன். "இது உன் தாத்தா குணம்டா" என்றார்.