யோவான் 10:30: ‘ஒன்று’ வேறு, ‘ஒருவர்’ வேறு

யோவான் 10:30ஐக் காட்டி "இயேசுதான் பிதா" என்று உங்கள் மாமா சொல்வது சரியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்த வசனம் அப்படிச் சொல்லவில்லை. தமிழ் வேதாகமத்தையே பாருங்கள்: "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்". ‘ஒருவராயிருக்கிறேன்’ இல்லை. கிரேக்க மூலத்திலும் அஃறிணைச் சொல்லான ‘ஹென்’தான் இருக்கிறது, ஒரே ஆள் என்று சொல்ல ‘ஹெய்ஸ்’ வந்திருக்க வேண்டும். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதே இலக்கணத்தைப் பிடித்துத்தான் வாதாடினார்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், தன்மையில் ஒன்று என்பதையும் ஆளில் ஒன்று என்பதையும் சேர்த்துவிடுகிறோம். 325இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் சொன்னது ‘ஒரே தன்மை’. குமாரனும் பிதாவும் ஒரே ஆள் என்று அல்ல.

அடுத்த ஞாயிறு கோத்தகிரி ஜெபக்கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். யோவான் 17:22ஐ மாமாவையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே சீஷர்களும் அப்படியே ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு ஜெபிக்கிறார், அதே ‘ஹென்’. சீஷர்கள் எல்லாரும் ஒரே ஆளா? அப்புறம், அவர் யாரிடம் ஜெபிக்கிறார் என்றும் கேளுங்கள். (டீ வந்த பிறகு கேளுங்கள். குன்னூரில் நான் முன்னாலேயே கேட்டு, டீ இல்லாமல் வீடு திரும்பியவன்.)

ஆனால் ஒன்று: இந்த வாதம் இருபுறமும் வெட்டும். 17:22ஐ வைத்து "அப்போ அது வெறும் மன ஒற்றுமைதானே, இயேசு தேவனே இல்லை" என்று யாராவது திருப்புவார்கள். அதற்கு 10:30 மட்டும் போதாது. யோவான் 1:1 ("அந்த வார்த்தை தேவனாயிருந்தது"), 20:28 (தோமா இயேசுவை "என் தேவனே" என்று அழைப்பது) இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 14:28இல் "பிதா என்னிலும் பெரியவர்" என்பதும் கட்டாயம் வரும், அதற்கும் தயாராகப் போங்கள்.